எல்லாவற்றையும் நானே செய்கிறேன். பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 27. எங்கள் சபையில் வாலிபர் ஊழியப் பொறுப்பை ஏற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு 40 பேர் வந்தார்கள். இப்போது 15 பேரைத் தாண்டுவதில்லை. பாட்டு, செய்தி, விளையாட்டு, அறிவிப்பு, நாற்காலி போடுவது வரை நானே பார்க்கிறேன். 13 வயதுப் பிள்ளைகளும் 24 வயதுக்காரர்களும் ஒரே கூட்டத்தில் உட்காருகிறார்கள். மூப்பர்கள் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் தனிஜெபம் வறண்டு கிடக்கிறது. போன வாரம் 16 வயதுப் பெண் ஒருத்தி இரவு 11 மணிக்கு, "வீட்டில இருக்கவே பயமா இருக்கு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா" என்று வாட்ஸ்அப்பில் எழுதினாள். "சொல்ல மாட்டேன்மா, ஜெபிக்கிறேன்" என்று பதில் போட்டேன். நல்ல தலைவனாக வளர நான் என்ன படிக்க வேண்டும்? வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போகலாமா?

பதில்: கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை ஆறு மாதம் பொறுக்கும். அந்தப் பெண்ணின் காரியம் பொறுக்காது.

"சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை நீங்கள் கொடுத்திருக்கக் கூடாது. இன்றே, பகலில், அதைத் திரும்பப் பெறுங்கள். ஊழியத்தில் இருப்பவர் பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடிய வாக்கு ஒன்றுதான்: "நீ சொன்னதை ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து என்றால், உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் சொல்லித்தான் ஆவேன். யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை உனக்கும் தெரியப்படுத்துவேன்." இதைச் சொன்னால் அவள் வாயை மூடிக்கொள்வாள் என்று பயப்படாதீர்கள். ரகசியம் காப்பதாகச் சொல்லிவிட்டுப் பிறகு மீறுவதுதான் பிள்ளைகளை நிரந்தரமாக மூடிவிடும்.

சபையில் அவள் நம்பும் பெண் ஊழியர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, பிறர் கண்ணில் படுகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடத்தில் சந்தியுங்கள். "உனக்கு எதனால் பயம்?" என்ற அளவில் கேட்டு, அவளைப் பேச விடுங்கள். "அப்பா அடிக்கிறாரா? மாமா தப்பாக நடந்துகொண்டாரா?" என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள், பின்னால் விசாரணை வந்தால் அந்த வார்த்தை உங்களுடையதா அவளுடையதா என்ற குழப்பம் வரும். அவள் சொன்னதை அன்றைக்கே, அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஊகம் எதுவும் அதில் வேண்டாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். யாரைப் பற்றிச் சொல்கிறாளோ அவரிடம் போய்ச் சமாதானம் பேசவும் போகாதீர்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கப்போவது அவள்தான். அடியோ, பாலியல் தொந்தரவோ, உயிருக்கு ஆபத்தோ இருப்பதாகத் தெரிந்தால், உங்கள் போதகருக்குத் தெரியப்படுத்துவதோடு, உங்கள் நாட்டுச் சட்டம் யாரிடம் புகார் செய்யச் சொல்கிறதோ அங்கே உடனே சொல்லுங்கள். சபைக்குள் ஒரு குழு போட்டு விசாரித்துப் பார்ப்போம் என்ற யோசனையை யார் கொண்டுவந்தாலும் ஏற்காதீர்கள். இதை விசாரிக்கும் பயிற்சி சபைக்குக் கிடையாது. சபையின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு அந்தக் குழுவில் முதல் நாளே நுழைந்துவிடும்.

செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற தொனி அவள் பேச்சில் வந்தால், சுற்றி வளைக்காமல் நேராகவே கேளுங்கள்: "உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தாயா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவளைத் தனியே விடக் கூடாது; மருத்துவ உதவி கிடைக்கும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஜெபம் பண்ணி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்பது அங்கே போதாது.

இனிமேலுக்கு இரண்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு தனி அறையிலோ தனி வாகனத்திலோ ஒற்றையாக இருக்கக் கூடாது. இரவு 9 மணிக்குப் பிறகு தனிச் செய்திக்கு, ஆபத்து இருந்தாலொழிய, மறுநாள் காலையில் பதில். எழுத்தில் இதைக் கூட்டத்தில் எல்லோருக்கும், பெற்றோருக்கும் அறிவித்துவிடுங்கள். இது பிள்ளைகளையும் காக்கும், உங்களையும் காக்கும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். மூப்பர்கள் கேட்பது "எத்தனை பேர்?" நீங்கள் கேட்க வேண்டியது "எந்தெந்தப் பேர்?" ஒரு நோட்டை எடுங்கள். அந்த 40 பெயரையும் ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். பக்கத்தில், கடைசியாக எப்போது வந்தார், வீட்டில் யார் யார், படிப்பா வேலையா, கூட்டத்தில் அவருக்கு நெருக்கமானவர் யார் என்று எழுதிக்கொண்டே போங்கள். எத்தனை கட்டம் வெறுமையாக நிற்கிறதோ அங்கேதான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. இரண்டு வருஷமாக நூறு செய்தி கொடுத்தும் ஒரு பையனின் அம்மா பெயர் தெரியாமல் இருப்பது நடக்கக்கூடியதுதான், மேடையிலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும்.

வராமல் போன 25 பேரும் ஒரே காரணத்தால் போயிருக்க மாட்டார்கள். சிலர் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போயிருப்பார்கள். அது இழப்பு அல்ல, அனுப்பிவைத்தது. ஆனால் போன இடத்தில் அவர்களுக்கு ஒரு சபை கிடைத்ததா என்று யாராவது கேட்டார்களா? பள்ளி முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகிற அந்த முதல் சில மாதங்களில்தான் நிறையப் பேர் சத்தமில்லாமல் நழுவுகிறார்கள். போவதற்கு முன்பே அந்த ஊரில் ஒரு சபையையும் ஒரு மனிதரையும் அறிமுகப்படுத்தி, போன முதல் மாதத்தில் இரண்டு தடவை பேசினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளலாம். இன்னும் சிலர் வயசால் போயிருப்பார்கள். 13-ம் 24-ம் ஒரே அறையில் இருந்தால் பேச்சு எப்போதும் சின்னவர்களுக்கு ஏற்றபடி இறங்கும், பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். அல்லது பெரியவர்களுக்கு ஏற்றபடி ஏறும், சின்னவர்கள் போனைப் பார்ப்பார்கள். பாட்டும் ஐக்கியமும் சேர்ந்தே இருக்கட்டும். வேதபாடத்தை 13 முதல் 17 வரை ஒன்று, 18-க்கு மேல் ஒன்று என்று இந்த மாதமே பிரித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவர்கள், ஊரிலேயே இருந்துகொண்டு வராதவர்கள். அவர்களிடம் "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது வருகைப் பதிவேடு கேட்கிற கேள்வி. "பரீட்சை எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். அதற்கு அவர்களுக்குப் பரீட்சை இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோட்டு எதற்கு என்றால் இதற்குத்தான்.

ஆனால் 40 பேரை இப்படி ஒருவர் கவனிக்க முடியாது. நீங்கள் எழுதிய கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் "நானே". யாத்திராகமம் 18-ல் மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களின் வழக்கைத் தானே கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, மாமனார் எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். தொய்ந்துபோவது மோசே மட்டுமல்ல, அவரோடிருக்கிற ஜனங்களும்தான் என்று அவர் சேர்த்துச் சொல்வதைக் கவனியுங்கள். ஒருவரே எல்லாம் செய்கிற இடத்தில் அவர் களைத்துப்போவார், மற்றவர்கள் சலித்துப்போவார்கள். எத்திரோ சொன்ன தீர்வில் ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று தலைவர்கள் வருகிறார்கள். உங்களுக்கு அந்தக் கடைசி எண் போதும்.

1881 பிப்ரவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தன் சபை வாலிபருக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்டியன் எண்டெவர் என்று அது உலகெங்கும் பரவியது. அதில் சேருகிறவர் கூட்டத்துக்கு வருவேன் என்று மட்டும் உறுதி சொன்னால் போதாது. கூட்டத்தில் ஏதாவது ஒரு பங்கு எடுப்பேன் என்றும் சொல்ல வேண்டும். குழுக்களையும் வாலிபர்களே நடத்தினார்கள். அவற்றில் ஒரு குழுவின் வேலை புதியவர்களைக் கூட்டிவருவதும், ஆர்வம் குறைந்து விலகுகிறவர்களைத் தேடிப் பார்ப்பதும். நீங்கள் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிற வேலையை, அன்றைக்கே வாலிபர் கையில் ஒரு குழுவாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வேலையைக் கொடுப்பதில் எல்லோரும் சறுக்குகிற இடம் இரண்டு. நாற்காலி அடுக்குவதைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துவிட்டதாக நினைப்பது ஒன்று. முன்னறிவிப்பு இல்லாமல் "அடுத்த வாரம் நீ செய்தி கொடு" என்று மேடையில் தள்ளிவிட்டு, அவன் திணறியதும் "சரிப்படாது" என்று திரும்ப எடுத்துக்கொள்வது இன்னொன்று. வேதபாடம் நடத்த 17 வயதுப் பையன் ஒருவனைத் தயார் செய்ய ஆறு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் நீங்கள் நடத்துங்கள், அவன் உங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், முடிந்ததும் "எந்த இடத்தில் பசங்க கவனம் போச்சு?" என்று கேளுங்கள். இரண்டாம் வாரம் முதல் கேள்வியை மட்டும் அவன் கேட்கட்டும். மூன்றாம், நான்காம் வாரங்களில் பாடத்தை இருவரும் சேர்ந்து தயாரித்து, பாதியை அவன் நடத்தட்டும். ஐந்தாம் வாரம் முழுவதும் அவன். நீங்கள் வட்டத்துக்கு வெளியே. அவன் தடுமாறினாலும் எழுந்து போய்க் காப்பாற்றாதீர்கள். நீங்கள் வாய் திறந்த அந்த நொடியிலிருந்து எல்லோருடைய கண்ணும் உங்கள் பக்கம் திரும்பிவிடும், பாடம் திரும்ப உங்களுடையதாகிவிடும். மறுநாளுக்குள் தனியாகக் கூப்பிட்டு, நன்றாக வந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஆறாம் வாரம் அவன் அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். என்னிடம் கேட்டதை மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்கவர்களிடம் ஒப்புவி என்று பவுல் தன் சீஷனுக்கு எழுதுகிற 2 தீமோத்தேயு 2:2-ல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களிடம் கேட்கப்போகும் மற்றவர்கள் என்று ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை நிற்கிறது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நன்றாகப் பாடுகிறவனையும் சரளமாகப் பேசுகிறவளையும்தான் கை முதலில் தேடும். அந்த வசனம் உண்மையுள்ளவர்களைத்தான் முன்னே வைக்கிறது. சொன்ன நேரத்துக்கு வருகிற, கொடுத்த சின்ன வேலையை ஞாபகப்படுத்தாமலே முடிக்கிற, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவரிடம் தானாகப் போய்ப் பேசுகிற பிள்ளை யார் என்று நாலு வாரம் கவனியுங்கள். பேசக் கற்றுக்கொடுக்கலாம், ஆள்மேல் அக்கறையைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

கூட்டத்தைப் பற்றி. 90 நிமிஷக் கூட்டத்தில் உங்கள் செய்தி 15 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. பவுல் நெடுநேரம் பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததை அப்போஸ்தலர் 20-ல் படித்திருப்பீர்கள். செத்துப்போன அவனை உயிரோடு எழுப்ப அங்கே பவுல் இருந்தார். வந்ததும் 15 நிமிஷம் கலந்து பேச, 15 பாட்டும் ஜெபமும், 15 செய்தி, 30 நிமிஷம் சிறு குழு, கடைசி 15 சாட்சி, அறிவிப்பு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம். குறையவே கூடாதது அந்த 30. ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், எட்டுப் பேர் கேட்பார்கள்.

சிறு குழு தோற்பது பெரும்பாலும் கேள்வியால். லூக்கா 15:25 முதல் 32 வரை, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததும் கோபப்படுகிற மூத்த குமாரன் பகுதியை எடுத்துக்கொண்டால், "மூத்தவன் கோபப்பட்டது சரியா, தப்பா?" என்று கேட்காதீர்கள். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பைபிளைப் பார்த்து யாரும் பதில் சொல்லக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள்: "வீட்டில் நடப்பது மூத்தவனுக்கு யார் மூலம் தெரிய வருகிறது?" வேலைக்காரன் மூலம். இதைப் புதிதாக வந்த பையனும் சொல்வான். ஒரு தடவை வாய் திறந்தவன் மறுபடியும் திறப்பான். அடுத்தது: "தம்பியை அவன் எப்படிக் குறிப்பிடுகிறான், தகப்பன் எப்படிக் குறிப்பிடுகிறார்?" தேடிப் பார்ப்பார்கள். அவன் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தகப்பன் "உன் சகோதரனாகிய இவனோ" என்று அந்த உறவைத் திரும்ப அவன் கையிலேயே வைக்கிறார். இதை நீங்கள் பிரசங்கமாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவர்களே கண்டுபிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மூன்றாவது: "உன் வீட்டில், உன் வகுப்பில், நீ 'என்' என்று சொல்ல மறுக்கிற ஆள் உண்டா? பெயர் சொல்ல வேண்டாம்." நான்காவதாக, இந்த வாரம் அந்த ஆளுக்குச் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம். நான்கு போதும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். இரண்டு நொடி அமைதியைத் தாங்க முடியாமல் தலைவரே பதில் சொல்லிவிடுகிற குழுவில், பிள்ளைகள் மூன்றாவது வாரத்திலிருந்து யோசிப்பதையே விட்டுவிடுவார்கள். எப்படியும் அண்ணன் சொல்லிவிடுவார்.

பெற்றோரை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். மூன்று மாத அட்டவணையை முன்கூட்டியே பெற்றோர் கையில் கொடுங்கள். சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தை முடியுங்கள். உங்கள்மேல் பெற்றோருக்கு நம்பிக்கை வருவதற்கு இந்த இரண்டையும் விடக் குறுக்குவழி இல்லை.

மூப்பர்களுக்கு மாதம் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். வந்தவர்கள் எண்ணிக்கை இருக்கட்டும், அது அவர்கள் உரிமை. அதோடு, இந்த மாதம் தனியாகச் சந்தித்தவர்கள் எத்தனை, பொறுப்பு எடுத்த வாலிபர் யார் யார், ஊர் மாறிப் போனவரில் சபை கிடைத்தவர் எத்தனை என்றும் எழுதுங்கள். வெறும் தலை எண்ணிக்கையைத் தவிர வேறொன்றையும் நீங்கள் கொடுக்காவிட்டால், அவர்கள் தலையைத்தான் எண்ணுவார்கள். பிள்ளைகள் நம்பிச் சொன்னது எதுவும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது, ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட.

உங்கள் ஜெபம் வறண்டதற்கு வருகிறேன். பைபிளைத் திறக்கும்போதெல்லாம் சனிக்கிழமைக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். ஊழியக்காரர் பலருக்கு வருகிற நோய் அது. கூட்டத்தில் நடத்துவது லூக்கா என்றால் நீங்கள் தனியாக வாசிப்பது லூக்காவாக இருக்க வேண்டாம். சங்கீதத்தையோ எரேமியாவையோ எடுங்கள், அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு வரிகூடப் பிரசங்கிக்க மாட்டேன் என்று தீர்மானம் பண்ணுங்கள். காலையில் போனைத் தொடுவதற்கு முன் 20 நிமிஷம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, அன்றைக்கு வாலிபர் குழுவின் வாட்ஸ்அப்பையும் மூடி வையுங்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்டுப் படுத்துக்கொண்டபோது, முதலில் வந்தது உபதேசம் அல்ல. தூக்கமும் அப்பமும் தண்ணீரும், மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. தேவன் பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான், உனக்குப் பதிலாகத் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம்பண்ணு என்ற கட்டளை அதற்கும் பிறகு. உங்கள் சம்பளத்தையும் பதவியையும் தீர்மானிக்காத மூத்த விசுவாசி ஒருவரைத் தேடி, மாதம் ஒரு தடவை ஒரு மணி நேரம் பேசுங்கள். உங்கள் மேலதிகாரியிடம் வறட்சியை ஒப்புக்கொள்வது எளிதல்ல. அதனால்தான் வேறு ஆள்.

வேதாகமக் கல்லூரி நல்லதுதான். ஆனால் இப்போது போனால் களைப்பிலிருந்து தப்பிப்பதற்காகப் போகிறீர்கள், மூன்று வருஷம் கழித்து அதே "நானே"யைச் சான்றிதழோடு தூக்கிக்கொண்டு வருவீர்கள். முதலில் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடியுங்கள். நீங்கள் மட்டுமல்ல, உதவிக்கு வரும் ஒவ்வொருவரும். அடுத்து, துயரத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்ற அடிப்படை ஆலோசனைப் பயிற்சி. பிறகு வேத வியாக்கியானம். மாலை வகுப்பாகவோ தொலைநிலையிலோ, வேலையை விடாமல். மாதம் ஒரு தடவை உங்கள் செய்தியைப் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்; அது செலவில்லாத பயிற்சி, கொஞ்சம் வலிக்கும். வேதபாடத்தை நீங்கள் இல்லாமல் நடத்த இரண்டு பேர் தயாரானதும், ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி உங்கள் போதகரிடம் பேசுங்கள்.